மறு: வடக்குத் தெரு சுவர் நிதி

அனைவருக்கும் வணக்கம்.

திடலுக்குப் பின்னால் வரும் புது மனைப்பிரிவின் வழி வடக்குத் தெருவில் சேராதபடி சுவர் கட்ட வீட்டுக்கு ஐயாயிரம் என்று சங்கச் செயலாளர் அண்ணன் போட்ட மடலையும், அதற்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் படித்தேன். சுவருக்கு எங்கள் வீட்டிலிருந்து பணம் வராது. அதே ஐயாயிரத்தை வாய்க்கால் கரையோரப் பழைய வண்டிப்பாதையை அளப்பதற்குக் கேளுங்கள், இன்றைக்கே அனுப்புகிறேன்.

சித்தி ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதியதில் மிகை எதுவும் இல்லை. திடலுக்குப் பின்னால் வயலை மண் அடித்து மேடாக்கிக் கல் ஊன்றிவிட்டார்கள். டிப்பர் லாரி முழுவதும் வடக்குத் தெரு வழியாகத்தான் போகிறது. திண்ணையில் மனிதர் உட்கார முடியவில்லை. ஒப்புதலுக்குக் கொடுத்திருக்கும் வரைபடத்தைத் தம்பி வாங்கி அனுப்பினான். 140 மனை. உள்ளே எல்லாம் 30 அடி ரோடு, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அத்தனை பேரும் வெளியே வர ஒரே ஒரு வழி, அது வடக்குத் தெருவில் வந்து சேர்கிறது. சேருகிற இடத்தில் தெரு அகலம்தான். தேரடித் திருப்பத்தில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். எதிரே ஒரு ஆட்டோ வந்தால் சைக்கிளை மாடத்து ஓரமாக ஒதுக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு பைக் என்று வைத்தாலும் காலை எட்டரைக்கு 140 பைக் அந்தத் திருப்பத்தில் நிற்கும். பள்ளி வேனும் அதே நேரத்துக்குத்தான் வரும். தேர் அன்று வடக்குத் தெருவில் வடம் கிடக்கும்போது அந்த 140 வீட்டிலிருந்தும் ஒரு ஆம்புலன்ஸ்கூட வெளியே வர முடியாது.

அதற்காகத்தான் சுவர் என்கிறீர்கள். சுவர் கட்டினால் அந்த வண்டிகள் மறைந்துவிடுமா? தெற்கே ஒரு சர்வே எண்ணை வாங்கிப் பள்ளிக்கூடத் தெருவில் வழி விடுவார்கள். தரகர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பதாகத் தம்பி சொல்கிறான். நம் தெருவில் நிற்க வேண்டிய வண்டி நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி வாசலில் போய் நிற்கும். இன்னொன்று, வடக்குத் தெரு ஊராட்சிச் சாலை. மனைப்பிரிவுக்குள் போடும் சாலைகளையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல் தருவார்கள். அப்புறம் அது ஊரின் சாலை. அதன் குறுக்கே சங்கம் சுவர் எழுப்பினால் அதுவும் ஆக்கிரமிப்புதான். இவ்வளவு பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி அதையும் தானமாகக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை என்று வருடா வருடம் எழுதுகிறோம். இடம் வரப்போகும் நேரத்தில் அதற்குப் போகும் வழியை அடைக்கக் காசு கொடுக்கச் சொல்கிறீர்கள்.

"வருகிறவர்கள் யார் எவரென்று தெரியாது, தெருவுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது" என்று மச்சு வீட்டு மாமா எழுதியிருந்தார். மாமா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அப்பாவின் ஆபரேஷனுக்கு நீங்கள் செய்ததை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. ஆனால் மனிதர்களைப் பிரிக்க எழுப்பிய சுவர் எப்படிப் போய் முடியும் என்று நாம் பார்த்திருக்கிறோம். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 2008 மே மாதம் மாவட்ட நிர்வாகமே வந்து தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை இடித்தது. நம் ஊர் பெயர் அந்த வரிசையில் வரக்கூடாது.

வழி ஒன்று இருக்கிறது, புதிதாக வாங்க வேண்டியதும் இல்லை. நில அளவைப் புலப்படத்தைப் பாருங்கள். மனைப்பிரிவின் வடக்கு எல்லையிலிருந்து வாய்க்கால் கரையோரமாகக் கும்பகோணம் ரோடு வரை வண்டிப்பாதை போகிறது. வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் புறம்போக்கு என்றே இருக்கிறது. அறுப்புக் காலத்தில் மூட்டை வண்டிகள் வரிசையாகப் போன பாதை அது. வைக்கோல் உதிர்ந்து வழி முழுக்க மஞ்சளாகக் கிடக்கும், நாங்கள் வண்டிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டே ரோடு வரை போவோம். நடுவில் இன்று யாருடைய மாட்டுக்கொட்டகை நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சுவர் வேண்டும் என்று முதலில் எழுதியவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அப்பா அதைப் பஞ்சாயத்தில் கேட்ட அன்று என்ன பதில் வந்தது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. "கட்டிக்கொடுத்துப் போன பெண்ணுக்குத் தெரு விவகாரம் எதற்கு" என்று அதே வீட்டிலிருந்து இந்த முறை எனக்கு வந்த பதிலையும் படித்தேன். அம்மா இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்.

அந்தப் பாதை திறந்தால் ரோட்டுக்குப் போகிற வண்டிக்குத் தேரடிப் பக்கம் வேலையே இல்லை. கடைக்கும் கோயிலுக்கும் வருகிறவர்கள் மட்டும் தெருவுக்குள் வருவார்கள். நமக்கும் ரோட்டுக்குச் சுற்று மிச்சம். மதுரையில் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிக்கு வெளியே வீதியாக அமைத்து, குறுக்குத் தெருக்களால் சேர்த்திருக்கிறார்கள். ஒன்றில் திருவிழா நடந்தால் மற்றொன்றில் போகலாம். ஒற்றை வழி வைத்த குடியிருப்புக்கு அந்த வசதி ஒருநாளும் வராது.

கணக்கு கேட்கும் துபாய் அண்ணனுக்கு: குளத்துப் படிக்கட்டுக் கணக்கு இன்னும் வரவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். அதை முடிக்காமல் புது நிதியைப் பழைய கணக்கில் போடக்கூடாது. அளவைக் கட்டணம் அரசுக்குக் கட்டுவது, ரசீது வரும். ரசீதைக் குழுவில் போட்டால் போதும்.

ஒப்புதல் இன்னும் வரவில்லை, அதனால் இப்போது கேட்டால்தான் உண்டு. மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் ஒரே மனு: வடக்கு எல்லையில் இரண்டாவது வழி வைத்து வண்டிப்பாதையோடு சேர்க்க வேண்டும், வாய்க்கால் மேல் பாலத்துக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று மனை போடுகிறவர் செலவில் வாங்க வேண்டும். உள் ரோடு எல்லைக் கல் வரைக்கும் போய் முடிய வேண்டும் என்றும் தெளிவாக எழுத வேண்டும். ரோட்டின் முனையில் ஓரடித் துண்டைத் தன் பெயரில் நிறுத்திக்கொண்டு, பக்கத்து நிலக்காரரிடம் பிறகு பேரம் பேசுகிற வழக்கம் உண்டு. தாசில்தாருக்குத் தனி மனு, பாதையை அளந்து கல் போட்டு, 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கச் சொல்லி. கொட்டகைக்காரர் தானாகவே பிரித்துக்கொண்டால் நோட்டீஸ் வரை போக வேண்டியதில்லை, அதைத்தான் நானும் விரும்புகிறேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். அங்கே கை தூக்க ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து நாம் எழுதுவது செல்லாது. அதனால் ஒவ்வொருவரும் ஊரில் இருக்கிற அண்ணன் தம்பி, அத்தை, மதினி எல்லோருக்கும் போன் போட்டு அன்று காலை போகச் சொல்லுங்கள். பெரியப்பா, நீங்கள் எழுந்து பேசினால் யாரும் மறுக்க மாட்டார்கள். மனு இரண்டையும் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களுக்கு அனுப்புகிறேன். புலப்படத்தின் நகலைத் தம்பி நேரில் கொண்டுவந்து தருவான்.

கிணற்றடி வீட்டுப் பெண்
ஷார்ஜா