பகலில் சாம்பல், ராத்திரியில் ஊதா: ஹாலுக்கு எந்த நிறம்?

மதுரை மாடிவீடு:
வணக்கம். மேற்குப் பார்த்த ஹால், 10க்கு 14 அடி, ரெட் ஆக்சைடு தரை. சாயங்காலம் வெயில் நேராக உள்ளே விழும். கூல் கலர் அடித்தால் சூடு தணியும் என்று கடையின் கலர் கார்டைப் பார்த்து வெளிர் சாம்பல் வாங்கி, சுவரில் ஒரு இடத்தில் அடித்தோம். பகலில் பரவாயில்லை. ராத்திரி டியூப்லைட் போட்டால் ஊதா! "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, சந்தனமே அடிங்க" என்கிறார் வீட்டுக்காரம்மா. பெயின்டர் திங்கட்கிழமை வருகிறார். என்ன செய்ய?

சுண்ணாம்பு:
உள்சுவர் நிறத்தை வைத்துச் சூடு குறையாது சார். அது ஜன்னல் வழியாகவும் வெயில் படும் வெளிச்சுவர், மொட்டைமாடி வழியாகவும் வருகிறது. மாடியில் வெள்ளை அடித்தால் பலன் உண்டு. உள்ளே வார்ம், கூல் எல்லாம் கண்ணுக்குத்தான். சரி, டியூப் எத்தனை கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்)? எதன் மேல் அடித்தீர்கள்?

மதுரை மாடிவீடு:
6500. பழைய ரோஸ் பெயின்ட் மேலேயே, ஒரே ஒரு கோட்.

பிரஷ்காரன்:
அண்ணே, ஊதா அங்கேயே வந்துருச்சு. நீலம் கலந்த சாம்பலுக்கு அடியில ரோஸ் எட்டிப் பார்த்தா வேற என்ன தெரியும்? 2 அடி ஹார்ட்போர்டுல வெள்ளை பிரைமர் அடிச்சு, மேல ரெண்டு கோட் குடுங்க. நல்லா காயட்டும், ஈரத்துல பார்த்து முடிவு பண்ணாதீங்க. அப்புறம் போர்டைச் சுவர் சுவரா மாத்தி வச்சு காலையில, நாலு மணிக்கு, ராத்திரி பாருங்க. சந்தனத்துக்கும் ஒரு போர்டு போடுங்க, இல்லாட்டி அண்ணி விடமாட்டாங்க.

விளக்கு வச்சாச்சு:
6500ம் ஒரு காரணம். எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் பக்கம் போகும். 3000 என்றால் மஞ்சள். பல்பு பெட்டியில் 'வார்ம்' என்று போட்டிருப்பது குறைந்த எண்ணுக்கு, நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். முதலில் 4000ல் ஒன்று மாட்டிப் பாருங்கள். தரையையும் மறக்காதீர்கள். சாயங்கால வெயில் சிவப்புத் தரையில் பட்டுச் சுவரில் ஏறும். சந்தனம் அந்த நேரத்தில் என்ன ஆகும் என்று போர்டு சொல்லிவிடும்.

மதுரை மாடிவீடு:
சொல்லிவிட்டது மேடம். 4000 மாட்டியதும் சாம்பல் போர்டில் ஊதா இல்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. சந்தனம் சாயங்காலம் 5 மணிக்கு மாம்பழ ஜூஸ். வீட்டுக்காரம்மாவே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். துளி மஞ்சள் கலந்த ஆஃப் ஒயிட்டில் மூன்றாவது போர்டு போட்டோம். மூன்று வேளையும் முகம் மாறாமல் இருந்தது. அதையே அடிக்கிறோம். ஏற்கெனவே வாங்கிய 4 லிட்டர் சாம்பலைக் கடையில் திரும்ப எடுப்பார்களா?

பிரஷ்காரன்:
கலர் கலந்து குடுத்ததைப் பொதுவா எடுக்க மாட்டாங்க அண்ணே. பெட்ரூம் ஜன்னல் எந்தப் பக்கம்?