விடிகாலை கூம்பு ஸ்பீக்கர்: நாத்திகன் புகார் கொடுக்கலாமா?

கேள்வி (வியாசர்பாடி):
தோழர்களே, ஆடி மாசம் கூழ் ஊத்துறதுல எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்ல. விடியறதுக்கு முன்னாடியே லைட் கம்பத்துல கட்டின கூம்பு ஸ்பீக்கர் அலறுது, அதான் பிரச்சனை. "சாமிக்கு எதிரி"ன்னு முத்திரை குத்தாத மாதிரி எப்படி எழுதறது?

பதில் (கொருக்குப்பேட்டை):
மனுவுல சாமியையே இழுக்காதீங்க. 2000-ம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. பகல்லயும் எழுத்துப்பூர்வ அனுமதி வேணும். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகல் 55 டெசிபல், இரவு 45. தேதி, ஆரம்பிச்ச நேரம், தெருமுனை, எத்தனை ஸ்பீக்கர், வாய் எந்தப் பக்கம்னு எழுதுங்க. போன் ஆப் டெசிபலை நம்பி வாதாடாதீங்க. பெருஞ்சத்தத்துல போன் மைக் அமுங்கிடும், எண் தப்பா வரும். தடை நேரத்துல கடிகாரமே போதும், வீடியோ எடுங்க. சத்தம் ஓடும்போதே 100-க்கு அடிங்க. ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பதிவு பண்ணினதுக்கான சீட்டு) வாங்காம திரும்பாதீங்க.

பதில் (மாதவரம்):
நம்ம மாதவரம் நெடுஞ்சாலை கே.கே.ஆர். நகர் வழக்கையும் சேருங்க. ஒரு திருச்சபையோட ஒலிபெருக்கி பத்தினது. அடுத்தவங்க அமைதியைக் கெடுத்து வழிபடணும்னு எந்த மதமும் சொல்லலன்னு 2000 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கோயில், மசூதி, சர்ச், கட்சி மேடை எல்லாத்துக்கும் ஒரே மனுவா கொடுங்க. ஒண்ணை மட்டும் குறிவெச்சா நாத்திகம் இல்ல, பாரபட்சம்.

பதில் (தண்டையார்பேட்டை):
ஒரு விலக்கு இருக்கு: திருவிழாவுக்காக வருஷத்துக்கு 15 நாள் வரை, ராத்திரி 12 மணி வரைக்கும் அரசு தளர்த்தலாம். விடிகாலைக்கு அது செல்லாது.