ரிவால்வரில் சின்ன ஃபிரேமா, பெரிய ஃபிரேமா? ஹேமர் வெளியே தெரியணுமா, உள்ளேயே இருக்கணுமா?

ஹூஸ்டன்

கிரீன் கார்டு வந்த பிறகுதான் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் பக்கம் போனேன். எச்1பியில் இருந்தவரை நண்பர்கள் எத்தனை கூப்பிட்டும் வாசலோடு நின்றுகொள்வேன். வேட்டை லைசென்ஸ் மாதிரி விலக்கு எதுவும் இல்லாமல் அந்த விசாவில் துப்பாக்கியைத் தொடுவது இங்கே குற்றம், ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் சேர்த்து. நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது.

முதலில் வாங்கியது ஸ்மித் அண்ட் வெஸன் 642. ஜே ஃபிரேம், அதாவது சின்ன உடல்; ஐந்து ரவுண்டு, 38 ஸ்பெஷல் தோட்டா. தோட்டாவைப் பின்னாலிருந்து தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹேமர் முழுக்க உள்ளே ஒளிந்திருக்கும். அரைக் கிலோகூட இல்லை. கடையில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததும் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. ரேஞ்சில் ஐந்தாவது ரவுண்டுக்கே கட்டைவிரல் இடுக்கு சிவந்துவிட்டது. 50 ரவுண்டு பெட்டியில் 30 போட்டதும் கை போதும் என்றது. ஏழு கஜ தூரத்துப் பேப்பரில் ஓட்டைகள் தாளித்துக் கொட்டிய கடுகு மாதிரி சிதறிக் கிடந்தன.

பக்கத்து லேனில் இருந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். ஒன்றும் பேசாமல் தன் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10-ஐத் திறந்து, தோட்டா போடும் உருளையான சிலிண்டர் காலி என்று காட்டி நீட்டினார். ஜேயைவிடப் பெரிய கே ஃபிரேம், நாலு அங்குலப் பேரல், 1899-ல் தொடங்கிய வரிசை. என் பெட்டியில் மிச்சமிருந்த அதே 20 ரவுண்டைத்தான் அதில் போட்டேன். ஒரு தோசைக்கல் அளவுக்குள் எல்லாம் அடங்கின. தோட்டா மாறவில்லை, இரும்பின் எடையும் கைப்பிடியும்தான் மாறின.

கடைசி ரவுண்டுக்கு மட்டும் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டேன். விரல் சரியாகப் படும் முன்பே வெடித்தது, தூக்கிவாரிப் போட்டது. இழுத்து வைத்தே பழகாதே, முழு டிரிகரையும் இழுத்துப் பழகு என்றார் பெரியவர்.

நீங்கள் எதில் நிலைத்தீர்கள்? ஹேமர் வெளியே இருப்பது பிடிக்குமா?

டாலஸ்

எனக்கு எல் ஃபிரேம். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஜே, கே, எல், என் (J, K, L, N) என்று எழுத்து நகர நகர ஃபிரேம் பெரிதாகும். 1955-ல் கே ஃபிரேமிலேயே 357 மேக்னம் என்ற வீரியமான தோட்டாவைத் திணித்து மாடல் 19 வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் சிலிண்டர் மூடிக்கொள்ள இடம் வேண்டும் என்று பேரலின் பின்வாயில், கீழ்ப்பக்கம் இரும்பைக் கொஞ்சம் சீவியிருப்பார்கள். 125 கிரெயின் எடைக் குண்டு வைத்த மேக்னம் ரவுண்டாகப் போட்டுத் தள்ளினால் அந்த இடம்தான் முதலில் போகும். பழைய 19 ஒன்றை வாங்கப் போனபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். கடிகாரத்தின் ஆறு மணி இருக்கும் இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் தடவினேன், மாட்டியது. விரிசல். விற்கவந்தவர் "அது அழுக்கு" என்றார். நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

இந்தத் தொல்லைக்காகவே 1980களின் தொடக்கத்தில் எல் ஃபிரேமைக் கொண்டுவந்தார்கள். முன்பக்கம் தடி, கைப்பிடி மட்டும் கே அளவு. என்னைப் போல் குட்டை விரல்காரனுக்கு அதுதான் வரம். என் (N) ஃபிரேம் 44 ரிவால்வரைப் பிடித்தால் டிரிகரை எட்டவே மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது. 686 நாலு அங்குலம் வாங்கினேன். ஒரு கிலோவுக்கு மேல். இடுப்பில் தொங்கினால் கனம் தெரியும், சுடும்போது அந்தக் கனம்தான் காப்பாற்றும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். போட்டிகளில் ஹேமரைக் கையால் இழுக்காமல் டிரிகரை மட்டும் இழுக்கும் டபுள் ஆக்‌ஷனில் மட்டும்தானே சுடுகிறோம், ஹேமரில் கட்டைவிரல் படும் அந்த வால் எதற்கு என்று ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து வெட்டினேன். "டிரிகரையும் வெண்ணெயாக்கித் தருகிறேன்" என்று அவர் மெயின் ஸ்பிரிங்கையும் மெலிசாகப் போட்டுவிட்டார். அடுத்த போட்டியில் ஆறில் இரண்டு "டிக்". துப்பாக்கி முனையை இலக்கைவிட்டு அசைக்காமல் அரை நிமிடம் காத்திருந்து, பிறகு சிலிண்டரைத் திறந்தேன். தோட்டாவின் அடியில் அடி விழும் பிரைமரில் நகக்கீறல் அளவுக்குத்தான் குழி. ஹேமரைக் குறை சொல்லாதீர்கள், அது ஸ்பிரிங்கின் வேலை. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது. வெட்டிய வால் மேசை டிராயரில் கிடக்கிறது.

டொராண்டோ

தம்பிமார், உங்களுக்கு ஃபிரேமைத் தெரிவு செய்ய ஏலுது. இங்க அளவுகோல்தான் தெரிவு செய்யும். பரல் 105 மில்லிமீற்றர் அல்லது அதுக்குக் குறைவெண்டால் கனடாவில தடை. அந்த இரண்டு அங்குல ஜே ஃபிரேமை நான் படத்திலதான் பாத்தனான். ரூகர் கொம்பனி எங்கட சட்டத்துக்கு ஏத்த மாதிரி 4.2 அங்குலத்தில ஜிபி100 எண்ட ரிவால்வரை விட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கோ, கிட்டத்தட்ட ஒண்டே முக்கால் மில்லிமீற்றர்தான் கூட. அதைத்தான் வாங்கினன். 2022 ஒக்ரோபர் 21-க்குப் பிறகு வாங்கவும் ஏலாது, மற்ற ஆக்களுக்கு விக்கவும் ஏலாது. அதால இதுதான் என்ர முதலும் கடைசியும்.

ஹேமரைப் பற்றிக் கேட்டனீங்கள். எங்கட கிளப்பில 1873 கோல்ற் மாதிரியில செய்த, ஒவ்வொரு வெடிக்கும் ஹேமரைக் கையால இழுக்கவேண்டிய சிங்கிள் ஆக்‌ஷன் ஒண்டோட ஒருத்தர் வருவார். ஆறு அறை, போடுறது ஐஞ்சு. ஒண்டு போட்டு, ஒண்டு விட்டு, நாலு போட்டு, ஹேமரை முழுசா இழுத்து மெல்ல இறக்கினால் அது வெறும் அறைக்கு மேல வந்து குந்தும். ஹேமருக்குக் கீழ ரவுண்ட் இருக்க, துவக்குக் கைதவறி விழுந்தால் வெடிக்கும், அதுக்குத்தான். ரூகர் 1973-ல இருந்து தன்ர சிங்கிள் ஆக்‌ஷன்களில ஒரு இரும்புத் தகட்டை வைச்சது. டிரிகரை முழுசா இழுத்தால்தான் அந்தத் தகடு மேல எழும்பி, ஹேமரின்ர அடியை ஊசிக்குக் குடுக்கும். என்ர ஜிபி100-லயும் அதுதான். எனக்கு ஹேமர் வெளியில தெரியவேணும். பின்னால போயிருக்கோ இல்லையோ எண்டு கண்ணால பாக்கலாம்.

83-க்குப் பிறகு வந்த ஆள் நான். வீட்டில இப்பவும் "உங்களுக்கேன் உந்த வேலை" எண்டுதான் கேக்கினம். மறுமொழி இல்லை.

லண்டன்

எங்களுக்கு 1997 கைத்துப்பாக்கித் தடைக்குப் பிறகு கண்ணாடிப் பெட்டிதான். ஒரு அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் படையின் இரண்டு என்ஃபீல்ட் 38 ரிவால்வர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒன்றில் ஹேமருக்கு வால் உண்டு, 1938-ல் வந்த அடுத்ததில் இல்லை. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது மாட்டிக்கொள்கிறது என்று படையினருக்காக எடுத்துவிட்டார்களாம். டாலஸ் அண்ணா, நீங்கள் வெட்டியதற்குப் பெரிய முன்னோடி இருக்கிறது!

கோவைப் பக்கம்

நீங்க எல்லாம் ஜே, கேன்னு எழுத்தாப் பேசறீங்க. நம்மகிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணுங்க. அப்பாரு காலத்துல தோப்புக் காவலுக்குன்னு லைசென்ஸ் எடுத்து வாங்கின 32, கான்பூர் சரக்கு. இங்கிலீஷ்காரங்க வெப்ளி ரிவால்வர் மாதிரியே நடுவுல மடங்கும். கட்டைவிரல்ல கொண்டியத் தள்ளிப் பேரலைக் கீழ சாய்ச்சா சுட்ட தோட்டாவோட வெத்துக் கேஸ் ஆறும் ஒண்ணாத் துள்ளி விழும். சின்ன வயசுல அதப் பார்க்கறதுக்குன்னே அப்பாரு பின்னாடி சுத்துவேனுங்க.

அவரு ஹேமர்ன்னு சொல்லமாட்டாரு, குதிரைதான். பழைய நாட்டுத் துப்பாக்கிக்குச் சொல்ற பேரு அது. குதிரைக்குத் தேங்காய் எண்ணெய் விடுவாரு. வருசக்கணக்குல அது பிசின் மாதிரி இறுகி, குதிரை சோம்பலா விழ ஆரம்பிச்சுருச்சு. டீலர் கழட்டிக் காட்டினப்ப உள்ளார பழுப்பா, கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்துச்சுங்க. அதுக்கப்புறம் துப்பாக்கி எண்ணெய்தான்.

தேர்தல் அறிவிச்சா ஸ்டேசன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கணும். ஒருதடவை திரும்ப வாங்கறப்ப குதிரை இடுக்குல துரு. யாருகிட்டப் போய்க் கேக்கறது? இப்ப எண்ணெய்த்துணி சுத்தித்தான் கொடுக்கறேன்.

2014-ல கான்பூர்லயே நிர்பீக்குன்னு பெண்களுக்காக ஒண்ணு விட்டாங்க. டைட்டானியம் கலவை, அரைக் கிலோ, விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம். "அந்தக் காசுக்கு ரெண்டு கறவை மாடு"ன்னுட்டாங்க வீட்டுல.

ஹூஸ்டன்

எல்லோருக்கும் நன்றி. போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

642-க்குப் பெரிய ரப்பர் கிரிப் மாட்டினேன், வலி பாதியானது. ஆனாலும் மனசு மாடல் 10 மேல்தான். பெரியவரிடம் அதையே கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை அவரே லோடு செய்தார், என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு. இரண்டு நல்ல ரவுண்டு, நாலு வெத்துக் கேஸ், எந்த அறையில் எது என்று எனக்குத் தெரியாது. முதல் அடி வெடித்தது. இரண்டாவது "டிக்". வெடிக்கவே இல்லை, ஆனால் துப்பாக்கி முனை ஒரு அங்குலம் தானாகக் கீழே குனிந்தது. வெடிக்கப் போகிறது என்ற பயத்தில் நானே தள்ளியிருக்கிறேன். அதுவும் அவ்வளவு சாதுவான கே ஃபிரேமில்!

பெரியவர் சிலிண்டரைத் திறந்து, மறுபடி என்னைத் திரும்பச் சொன்னார். மதியம்வரை அதையேதான் செய்துகொண்டிருந்தோம். கணக்குப் பார்த்தால் அன்று நான் சுட்டது பதினாறு ரவுண்டு.