‘அம்னீசியா: மெமரீஸ்’ – நாயகியின் மௌனம் உத்தியா, குறையா?

(கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே பேசப்படுகின்றன, இந்த வீடியோ விளையாட்டை இன்னும் ஆடாதவர்கள் கவனிக்கவும்.)

கார்முகில்:
2011இல் ஜப்பானில் பிஎஸ்பி என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வெளியாகி, 2015இல் ஆங்கிலத்தில் வந்த இந்த விசுவல் நாவலை (படங்களோடு வாசித்து, இடையிடையே தேர்வுகள் செய்து ஆடும் கதை விளையாட்டை)ச் சிறந்த மர்மக் கதை என்று பலரும் புகழ்வதை என்னால் ஏற்க இயலவில்லை. ஓரியன் என்னும் ஆவிச் சிறுவன் மோதியதால் நினைவிழந்து, ஆகஸ்ட் 1ஆம் தேதி கண்விழிக்கும் நாயகி வாய் திறப்பதே அரிது. ஐயப்படுவதும் அஞ்சுவதும் யோசனை சொல்வதும், அவளுக்கு மட்டுமே புலப்படும் அந்த ஓரியன்தான். மர்மத்தின் நடுவில் நிற்பவளுக்கு அதை அறியும் துடிப்பே இல்லையென்றால், அது எப்படி மர்மக் கதையாகும்?

நிலாமுற்றம்:
இந்த விளையாட்டில் உலகத்துக்கு ஒரு காதல் நாயகன். அவற்றுள் டயமண்ட் உலகத்தை நினைத்துப் பாருங்கள், கார்முகில். சிறுவயது முதல் உடன் வளர்ந்த தோமா, தான்தான் அவளுடைய காதலன் என்கிறான். அது பொய். ஆனால் பொய்யென்று உணர்வதற்கு வேண்டிய கடந்தகாலம் அவளிடமும் இல்லை, ஆடும் நம்மிடமும் இல்லை. காதல் கதைகளில் நாம் கேள்வி கேட்காமல் ஏற்கும் கனிவையே இங்கே துப்பாக மாற்றியிருக்கிறார்கள். நாயகி ஓயாமல் பேசி ஆராய்பவளாக இருந்திருந்தால் அந்தப் பொய் இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்காது.

கார்முகில்:
பொய்வரை ஒப்புக்கொள்கிறேன், அதன் பிறகு நடப்பதுதான் என் வழக்கு. இன்னொரு நாயகனான இக்கியின் ரசிகைகள் தரும் தொல்லையிலிருந்து காப்பதாகச் சொல்லி தோமா அவளை வீட்டில் அடைத்து, பிறகு கூண்டுக்குள்ளேயே வைக்கிறான். அப்படிப்பட்டவனோடு, விளையாட்டின் பல முடிவுகளுள் நல்ல முடிவில் அவள் சேர்கிறாள் என்றால், அவள் மனத்தில் என்ன நடந்தது என்பதை அவள் வாயால் கேட்கும் உரிமை வாசகருக்கு இல்லையா? கதாசிரியர் பதில் சொல்லாமல் தப்பிப்பதற்கு அவளுடைய மௌனம் வசதியாகிவிட்டது.

நான்காம்தளம்:
கூண்டு விஷயத்தில் நான் கார்முகில் பக்கம். ஆனால் மர்மத்தை ஒரே நாயகனின் கதைவழிக்குள் தேடுவதுதான் உங்கள் இருவருக்கும் உள்ள சிக்கல். நான்கு உலகங்களையும் முடித்தால்தான் ஜோக்கர் உலகம் திறக்கிறது. அதுவரை பச்சை முடியோடு அவ்வப்போது எதிர்ப்பட்டு, ஒருமுறை எச்சரித்தும் மறுமுறை மிரட்டியும் குழப்பிய உக்யோ யார் என்பது அங்கேதான் விளங்குகிறது. ஒவ்வொரு உலகத்திலும் அவள் வெறுமையோடு விழிக்கிறாள். நாமோ முந்தைய உலகங்களில் கண்டதையெல்லாம் சுமந்துகொண்டு நுழைகிறோம். துப்பறிபவர் நாம்தான். 2013இல் வந்த 12 பகுதி அனிமேயில் (ஜப்பானிய அசைபடத் தொடரில்) தேர்வுகள் கிடையாது என்பதால் அதே நாயகி பொம்மைபோலத் தெரிகிறாள். விளையாட்டிலோ அன்பு, நம்பிக்கை, ஐயம் ஆகிய அளவுகளை ஏற்றி இறக்கும் நம் தேர்வுகளே அவளுடைய குரல்.

கார்முகில்:
அப்படியானால் அவள் நாம் எட்டிப்பார்க்கும் சாளரம் மட்டுமே என்று நீங்களே சொல்கிறீர்கள். இன்னொரு நாயகனான ஷின்னின் கதைவழி எனக்கு ஓரளவு பிடித்ததற்குக் காரணம், நினைவிழப்பை விரைவிலேயே கண்டுகொண்டு, அவளைப் பேசச் சொல்லி அவன் வற்புறுத்துவதுதான். அவளிடம் பதில் எதிர்பார்க்கும் அந்த ஒருவனைத் தவிர, மற்றவர்களுக்கு அவள் பேசாமலிருப்பதே போதுமானதாக இருக்கிறது.

நிலாமுற்றம்:
கென்டை மறந்துவிட்டீர்கள். காதலையே கணக்குப் புதிர்போல அணுகும் அந்த ஆராய்ச்சி மாணவன் அவளைப் புரிந்துகொள்ளத் திணறுவதுதான் கிளோவர் உலகத்தின் முழுக் கதையும்.