தேர்தல் தலையீடு: அமெரிக்காவுக்கு ஒரு நியாயம், ரஷ்யாவுக்கு ஒரு நியாயமா?

பொன்னிவளவன்:
2016 அதிபர் தேர்தலில் ரஷ்யா தலையிட்டது என்று அமெரிக்கா இன்றுவரை குமுறுகிறது. தலையிட்டது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் குமுறுகிற தகுதி அவர்களுக்கு இருக்கிறதா? 1948இல் இத்தாலியில் கம்யூனிஸ்டுகள் ஜெயித்துவிடக் கூடாது என்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ பணம் கொடுத்தது. 1964இல் சிலியில் அதிபர் வேட்பாளர் எடுவார்டோ ஃபிரேயின் பிரசாரச் செலவில் பாதிக்கு மேல் சிஐஏ பணம். உளவு அமைப்புகளை விசாரித்த அமெரிக்க செனட்டின் சர்ச் குழுவே 1975இல் இதை அறிக்கையாக வெளியிட்டது. 1946 முதல் 2000 வரை இந்த இரண்டு வல்லரசுகளும் செய்த தலையீடுகளை டோவ் லெவின் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தார்: அமெரிக்கா 81, சோவியத்தும் பிறகு ரஷ்யாவும் சேர்ந்து 36. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி!

கடலோரன்:
அமெரிக்கா செய்தது தப்பு. சரி. அதனால் ரஷ்யா செய்தது நியாயமாகிவிடுமா? 2016இல் ஏமாற்றப்பட்டது சிஐஏ இல்லை, ஓட்டுப் போட்ட சாதாரண மக்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்கக் கறுப்பினத்தவர் போலவும் டெக்சாஸ்காரர் போலவும் போலிக் கணக்குகளில் எழுதினார்கள். ரஷ்ய ராணுவ உளவுத்துறை ஜனநாயகக் கட்சியின் மின்னஞ்சல்களைத் திருடி வெளியே விட்டது. 2018 ஜூலையில் அதன் அதிகாரிகள் 12 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. டிரம்ப்பின் சொந்தக் கட்சியினர் தலைமையில் இருந்த செனட் புலனாய்வுக் குழுவே ரஷ்யத் தலையீட்டை உறுதி செய்தது. அந்தப் போலிக் கணக்குப் பட்டறைக்குப் பணம் போட்ட ரஷ்யத் தொழிலதிபர் பிரிகோஜின், 2022 நவம்பரில் "தலையிட்டோம், தலையிடுகிறோம், இனியும் தலையிடுவோம்" என்று தானே சொன்னார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பொன்னிவளவன்:
1996 ரஷ்ய அதிபர் தேர்தலை மறந்துவிட்டீர்களே. அப்போதைய அதிபர் யெல்ட்சின் தோற்றுவிடுவார் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) ரஷ்யாவுக்கு 1,020 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. அமெரிக்க ஆலோசகர்கள் மாஸ்கோவில் தங்கி அவர் பிரசாரத்துக்கு யோசனை சொன்னார்கள். டைம் இதழ் அதை அட்டையிலேயே போட்டுக் கொண்டாடியது. 2018இல் முன்னாள் சிஐஏ இயக்குநர் ஜேம்ஸ் வூல்சியிடம் டிவியில் இதைப் பற்றிக் கேட்டபோது, மிக நல்ல காரணத்துக்காக மட்டும்தான் தலையிடுகிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு ரஷ்ய அதிகாரி அப்படிச் சிரித்தால் சும்மா விடுவீர்களா?

மேகலா:
இரண்டு பேரும் ஒன்றைக் கலந்துவிடுகிறீர்கள். யெல்ட்சினின் ஆலோசகர்களை அவருடைய ஆட்களே கூலிக்கு அமர்த்தினார்கள். அது கடனைப் போலவோ திருட்டைப் போலவோ இல்லை.

உண்மையான கொடுமை சிலிதான். 1970 அதிபர் தேர்தலில் சோஷலிஸ்ட் வேட்பாளர் அயெந்தே முதலிடம் வந்தார். பெரும்பான்மை இல்லாததால் நாடாளுமன்றம்தான் அவரை உறுதி செய்ய வேண்டும். அதைத் தடுக்க ராணுவப் புரட்சி நடக்கட்டும் என்று வாஷிங்டன் முயன்றது. ராணுவம் அரசியலில் இறங்கக் கூடாது என்று உறுதியாக நின்ற தளபதி ரெனே ஷ்னைடரை அக்டோபரில் சதிகாரர்கள் சுட்டார்கள், மூன்று நாளில் இறந்துபோனார். அவரைக் கடத்தத் திட்டமிட்டவர்களோடு சிஐஏவுக்குத் தொடர்பு இருந்தது. 1973இல் ராணுவத் தளபதி பினோசே புரட்சி செய்து ஆட்சிக்கு வந்தார். அதன் பிறகு கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரக்கணக்கில். சிலிக்காரர் ஒருவர் "உங்களுக்கு என்ன யோக்கியதை" என்று அமெரிக்காவைக் கேட்டால், அது முழுக்க நியாயம். கிரெம்ளின், அதாவது ரஷ்ய அரசு, கேட்டால் என்னால் ஏற்க முடியாது. 2004இல் உக்ரைனில் அதிகாரபூர்வ முடிவு வருவதற்கு முன்பே ரஷ்ய ஆதரவு வேட்பாளர் யானுகோவிச்சுக்கு வாழ்த்துச் சொன்னவர் புதின். மோசடி நடந்தது என்று அந்த வாக்கெடுப்பின் முடிவை உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது.

தென்றல்:
நம் நாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்க கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் அமெரிக்கா காங்கிரசுக்குப் பணம் கொடுத்ததாக, இங்கே தூதராக இருந்த மொய்னிஹானே எழுதியிருக்கிறார். இந்திரா காந்தி மறுத்தார்.

கடலோரன்:
பொன்னிவளவன், நீங்கள் காட்டுகிற ஆதாரங்களில் முக்கியமானது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அமெரிக்க செனட்டே தோண்டி எடுத்தது. மாஸ்கோவில் அப்படி ஒரு குழு என்றைக்காவது அமைந்ததா? அந்த 36 என்பது வெளியே தெரிந்த கணக்கு மட்டும்.

பொன்னிவளவன்:
தோண்டினார்கள், ஒப்புக்கொள்கிறேன். தோண்டி என்ன செய்தார்கள்? சிலி விஷயத்தில் செனட்டிடம் உண்மையை மறைத்த முன்னாள் சிஐஏ இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸுக்கு 1977இல் 2,000 டாலர் அபராதம். சிறைத்தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார்கள். அந்த 12 ரஷ்ய அதிகாரிகளும் கூண்டில் ஏற வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஷ்னைடரின் குடும்பத்துக்கு யார் கணக்குத் தீர்ப்பது?

கடலோரன்:
அந்த அபராதம் வெட்கக்கேடு, அதில் உங்களோடுதான் நிற்கிறேன். ஆனாலும் ஹெல்ம்ஸ் தன் நாட்டு நீதிபதி முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. பிரிகோஜின் வெளிப்படையாகச் சொன்ன பிறகும் எந்த ரஷ்ய நீதிமன்றம் அவரைக் கூப்பிட்டது, சொல்லுங்கள்.