சாயும் ஃபைகஸை இப்போதே மறுபடி தொட்டி மாற்றலாமா?

ஃபைகஸ் பெஞ்சமினா (வீட்டுக்குள் வளர்க்கும் ஆல் இனச் செடி), 5 அடி உயரம், 10 அங்குல பிளாஸ்டிக் தொட்டி. இடம் சென்னை, ஹாலில் கிழக்கு ஜன்னலிலிருந்து 4 அடி தள்ளி. மார்ச்சிலிருந்து ஜன்னல் பக்கம் சாய்கிறது. உச்சி இப்போது ஓர் அடி விலகி நிற்கிறது.

வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பிப் பார்த்தேன். புதுத் துளிர் நிமிர்ந்தது, முற்றிய தண்டு அசையவில்லை. மூங்கில் குச்சி நட்டுச் சணலால் கட்டியதில் பட்டை அழுந்தி, பால் கசிந்து தழும்பாகிவிட்டது. இப்போது பழைய பருத்தித் துணியை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். அவிழ்த்தால் பழையபடி சாய்கிறது.

மூன்று வாரம் முன்பு 8 அங்குலத் தொட்டியிலிருந்து இதற்கு மாற்றினேன். வட்டமாகச் சுருண்ட வேரைப் பிரிக்காமல் அப்படியே வைத்தேன். கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன். கலவை: தென்னை நார்த்தூள் 2 பங்கு, செம்மண் 1, மண்புழு உரம் 1. தண்டை லேசாகத் தள்ளினாலே ஒரு பக்கம் மண் வெடித்து வேர்க்கட்டி மொத்தமாக எழும்புகிறது. தினம் பத்துப் பதினைந்து இலை மஞ்சளாகி உதிர்கிறது. அழுகல் வாடை இல்லை.

இலை உதிர்வு நிற்கும்வரை குச்சியோடு விடுவதா, இப்போதே எடுத்து வேரைப் பிரித்து, தண்டு நேராக வரும்படி கனமான மண் தொட்டியில் நடுவதா?