ஒரே ரோட்டுல மூணு பங்க், மூணு விலை: எங்க போடுறது?

புதுவரவு:
வணக்கம். இங்க வந்து அஞ்சு வாரம் ஆகுது. வேலைக்குப் போக ஒரு வழிக்கு நாற்பது கிலோமீட்டர், பஸ் கிடையாது. நேத்து காலையில பார்த்த விலை சாயங்காலம் எகிறிடுச்சு. ரெண்டு சிக்னல் தள்ளி இருக்கற பங்க்ல மட்டும் ஏறவே இல்ல. முள்ளு கடைசிக் கோட்டுல நிக்குது, சம்பளத்துக்கு இன்னும் 9 நாள் இருக்கு. ஏமாத்துறாங்களா? எந்தக் கிழமை போட்டா மலிவு? சீக்கிரம் சொல்லுங்க.

கோடைமழை:
எந்த நாடு? பெட்ரோலா டீசலா? அது தெரியாம என்ன சொல்றது?

பழையடிரைவர்:
வந்த உடனே கார் வாங்கியிருக்கவே கூடாது. என் முதல் குளிர்காலம் முழுக்க சைக்கிள்தான். விரல் மரத்துப்போய் பூட்டுல சாவி திரும்பாது, வாயால ஊதி ஊதித் திறப்பேன். அப்படிச் சேர்த்த காசுலதான் கார் வாங்கினேன்.

பெர்த்வாசி:
மேற்கு ஆஸ்திரேலியான்னா கவலையே வேண்டாம். 2001-லேருந்து ஃபியூவல்வாட்ச்னு அரசோட விலை அறிவிப்புத் திட்டம் இருக்கு. பங்க்காரங்க நாளைய விலையை இன்னிக்கு மதியம் 2 மணிக்குள்ள அரசுக்குச் சொல்லிடணும், காலை 6 மணியிலேருந்து 24 மணி நேரம் மாத்தக்கூடாது. பெர்த்ல ஒரு நாள் சடார்னு ஏறும், அப்புறம் தினமும் கொஞ்சமா இறங்கும். ஏறுறதுக்கு முந்தின நாள் போடுங்க.

இரவுப்பணி:
கிழமைக் கணக்கு எல்லா ஊருக்கும் ஒத்துவராது. சிட்னி, மெல்போர்ன்ல ஒரு ஏற்ற இறக்கம் முடியவே பல வாரம் ஆகும். நான் ஆஸ்திரியாவுல, வியன்னாவுல இருந்தப்ப, 2011-ல வந்த விதிப்படி மதியம் 12 மணிக்கு மட்டும்தான் ஏத்த முடிஞ்சது, இறக்குறது எப்ப வேணாலும். அதனால 12-க்கு முன்னாடியே போட்டுடுவோம்.

கோடைமழை:
ஒருத்தன் ஏத்தினா மத்தவனும் ஏத்துறான். கச்சா எண்ணெய் ஏறினா மறுநாளே பலகை மாறுது, இறங்கினா வாரக்கணக்குல அசைய மாட்டேங்குது. வயிறு எரியுது.

மேப்பிள்வீடு:
கச்சா எண்ணெய் மட்டும் இல்லைங்க. 2021 மே மாசம் கணினித் தாக்குதலால கொலோனியல்ங்கற எரிபொருள் குழாய் நின்னப்ப நான் வட கரோலினாவுல இருந்தேன். அமெரிக்கக் கிழக்குக் கரை எரிபொருள்ல கிட்டத்தட்ட பாதி அதுலதான் வரும். உலகத்துல எண்ணெய்க்குப் பஞ்சமே இல்ல, ஆனா எங்க தெருப் பங்க்ல ஸ்டாக் இல்லன்னு பம்புக்கெல்லாம் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தாங்க. பயத்துல எல்லாரும் டேங்க்கை ரொப்பினதுல இருந்ததும் தீர்ந்துபோச்சு.

பம்ப்நம்பர்4:
கேட்டவங்க வண்டி நிக்கப்போகுது, அதைப் பார்ப்போம். மூணு வருஷம் பங்க்ல வேலை செஞ்சிருக்கேன். காலையில மேனேஜர் முதல்ல பார்க்கறது எதிர் பங்க் பலகையைத்தான். கச்சா, சுத்திகரிப்பு, வரி போக பங்க்குக்கு நிக்கறது சொற்பம், உள்ள இருக்கற கடையிலதான் லாபம். அதனால பக்கத்துல போட்டி இருந்தா எரிபொருள்ல விட்டுக்கொடுப்பாங்க. நெடுஞ்சாலையில தனியா நிக்கற பங்க்குக்கு அந்த அவசியம் இல்ல.

உங்க ரோட்டுல ஒருத்தர் முதல்ல ஏத்தியிருக்கார். மத்தவங்க பின்னாடி ஏத்தினா அந்த விலை நிக்கும், ஏத்தலைன்னா அவர் இறக்கியாகணும். ஏறாத பங்க்குக்கு இப்பவே போங்க, நாளைக்கு அங்கயும் ஏறலாம். ஆனா மலிவைத் தேடி ஊர் சுத்தாதீங்க, சேமிக்கறது அதுலயே எரிஞ்சுபோகும். கையில காசு கம்மின்னா பம்ப்லயே கார்டைத் தட்டாதீங்க, போட்டதுக்கு மேல ஒரு தொகையைச் சில வங்கி நாள்கணக்கா பிடிச்சு வைக்கும். உள்ள போய்க் கட்டுங்க. டேங்க் மூடிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்த்துட்டு அதையே போடுங்க, ஒசத்தி பெட்ரோல் எதுக்கு?

புதுவரவு:
ரொம்ப நன்றி. மூடிக்குள்ள 91-னு இருக்கு, சாதா பெட்ரோல்தான். ஏறாத பங்க்ல பத்து லிட்டர் போட்டேன். பதட்டத்துல ஊரே சொல்லல, பிரிஸ்பேன்.

இரவுப்பணி:
பிரிஸ்பேன்னா ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து மாநிலம்தானே! அங்க 2018 டிசம்பர்லேருந்து விலையை மாத்தினா 30 நிமிஷத்துக்குள்ள பதிவு பண்ணணும், இலவச ஆப்ல எல்லாப் பங்க் விலையும் தெரியும். சுழற்சி பல வாரம் நீளும். இப்பதான் ஏறத் தொடங்கியிருக்கு, ஏறாத பங்க் நாளைக்கும் ஏதாவது இருக்கும். வேலைக்குப் போற வழியில எதுன்னு பார்த்து, முடிஞ்சா டேங்க்கை ரொப்பிடுங்க.